சோம்பேறிச் சட்டி

லிமசோல், சைப்பிரஸ்
9.2.2003

பிரசாந்தினியின் அப்பாவுக்கு,

உங்கள் கடுதாசி வந்து சேர்ந்தது. மகள் சுகம், மழை ஓயவில்லை, தேயிலைத் தோட்டத்துக்குப் புதுத் துரை வந்திருக்கிறார், இவ்வளவும் நாலு வரியில் முடிந்துவிட்டது. மிச்சம் ஒன்றரைப் பக்கமும் கேள்வி. எண்ணிப் பார்த்தேன், பதினாலு. பிரசாந்தினிக்கு ஓ/எல் பரீட்சையில் கூட இத்தனை கேட்கமாட்டார்கள்.

பதில் இதுதான். வீட்டில் மேடம், ஐயா, இரண்டு பிள்ளைகள். ஐயா மரியாதையான மனுஷன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, வெளியே போய்விட்டு வருகிறேன். அவ்வளவுதான்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கேட்டால் நம்பமாட்டீர்கள். மேடத்தின் சொந்த ஊர் அமெரிக்காவின் தெற்குப் பக்கம். அங்கே ஒரு முழு நாள் பன்றியைப் புகையில் வாட்டி எடுப்பார்களாம். இங்கே அதற்கு வசதியில்லாததால் ஒரு கரண்ட் சட்டியில் செய்கிறார். ஸ்லோ குக்கர் என்று பெயர். போன சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, முன்கால் சப்பையை எலும்போடு முழுசாக அதற்குள் வைத்தார். வெட்டவில்லை, வதக்கவில்லை. மூடினார். ஒரு திருகைத் திருகினார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நெருப்பு இல்லை, புகை இல்லை, சத்தம்கூட இல்லை. சட்டி சும்மா உட்கார்ந்திருக்கிறது. சாயந்தரம் ஐந்து மணிக்கு வந்து, மேடம் இரண்டு முள்ளுக்கரண்டியை எடுத்து லேசாக இழுத்தார். இறைச்சி நார் நாராகப் பிரிந்து வந்தது. பல்லில்லாத ஆளும் தின்னலாம். நான் அப்படியே நின்றுவிட்டேன். காலையில் பெரட்டில் பேர் கொடுக்கப் போன நேரத்திலிருந்து சாயந்தரம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வருகிற நேரம் வரை, வீட்டில் யாருமே இல்லாமல் ஒரு சட்டி தானாகச் சமைத்திருக்கிறது. எத்தனை சாயந்தரம் நான் ஈர விறகை ஊதியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. அந்தச் சமையலறையில் பழி போடப் புகையும் இல்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். மகளை அதட்டாதீர்கள்.

விஜயலெட்சுமி


ஸ்பிரிங்வெளி, பதுளை
6.3.2003

விஜயலெட்சுமிக்கு,

உன் கடிதம் கண்டேன். மகள் நன்றாகப் படிக்கிறாள். சோறும் பருப்பும் அவளும் நானுமாக ஒருவழியாக ஆக்கிக்கொள்கிறோம்.

நீ எழுதிய சட்டிக் கதையைப் பக்கத்து வீட்டு ரெங்கம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் லயத்து வீடெல்லாம் திரும்பிப் பார்த்தது. நான் பதினெட்டு வருஷமாக பேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் நிற்கிறேன். ஆள் பக்கத்தில் நின்று பார்க்காமல் உலகத்தில் எதுவும் பதத்துக்கு வராது. உன் மேடம் கடற்கரைக்குப் போகிற மாதிரி போய், பின்வாசலால் வந்து கிண்டிவிட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே என்றால் எங்கே? போன தடவை கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. தனியாகவா, ஆட்களோடா? எத்தனை மணிக்குத் திரும்புகிறாய்? அக்ரிமெண்ட் முடிந்ததும் வருவாயா, மாட்டாயா?

காத்தமுத்து


லிமசோல்
18.5.2003

பிரசாந்தினியின் அப்பாவுக்கு,

மேடம் பெரிய சட்டி ஒன்று வாங்கிவிட்டார். பழையதை என்னிடம் தந்தார். துணிமணியோடு பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பியிருக்கிறேன். பதுளையில் தாஸிம் நானாவின் பார்சல் கடைக்கு வரும், போய் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பொய் சொல்கிறேனா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

செய்கிற விதம் எழுதுகிறேன். சப்பைத் துண்டில் உப்பு, மிளகாய்த் தூள், மிளகுத் தூள், அரைத்த கடுகு, கொஞ்சம் சீனி சேர்த்து அழுத்தித் தடவி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் சட்டியின் அடியில் வெங்காயத்தை வட்டமாக அரிந்து பரப்பி, மேலே இறைச்சியை வைத்து, அரைக் கோப்பை வினாகிரி ஊற்றுங்கள். தண்ணீர் ஊற்றக்கூடாது, இறைச்சியே தண்ணீர் விடும். திருகைச் சின்னப் பக்கம் வைத்தால் ஒன்பது, பத்து மணி நேரம். குழம்புக்குத் தக்காளி சோஸ், வினாகிரி, கருப்பட்டி, மிளகாய்த் தூள். அதைத் தனியாகக் காய்ச்சி, இறைச்சியைப் பிய்த்த பிறகு கலக்க வேண்டும்.

இன்னொரு அதிசயம். புகை வாசம் வேண்டுமென்று மேடம் ஒரு சின்னப் போத்தலிலிருந்து நாலு சொட்டு விடுகிறார். அது என்ன தெரியுமா? புகை. நிஜமாகவே புகையைத் தண்ணீரில் பிடித்துப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள், இவர்கள் வாங்குகிறார்கள். நம் வீட்டுச் சுவரைச் சுரண்டிக் கொடுத்தால் இந்த ஊருக்கே போதும் என்று மேடத்திடம் சொன்னேன். உங்களுக்குப் போத்தல் தேவையில்லை, இறைச்சியை இரண்டு நாள் வெளி அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள்.

மறந்துவிட்டேன். வருகிற மார்ச்சில் அக்ரிமெண்ட் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி மேடம் கேட்கிறார். டிசம்பருக்குள் சொல்ல வேண்டும். யோசிக்கிறேன்.

விஜயலெட்சுமி


ஸ்பிரிங்வெளி
24.8.2003

விஜயலெட்சுமிக்கு,

பெட்டி வந்தது. சட்டிக்குக் கீறல்கூட இல்லை. உள்ளே கல் மாதிரிக் கனமான பாத்திரம், மேலே கண்ணாடி மூடி. கூட இருந்த இங்கிலீஸ் புத்தகத்தைத் தாஸிம் நானாதான் வாசித்துச் சொன்னார். அட்டையில் பன்றி இறைச்சிப் படம். பில் புத்தகத்தை எடுத்து அதை மறைத்துவிட்டு, மீதியை வரி விடாமல் படித்தார். நல்ல மனுஷன்.

பிளக் நம் ஊர் ஓட்டைக்குப் பொருந்தவில்லை. வெட்டிவிட்டு உருண்டைப் பிளக் போட்டேன். அடுத்த சிக்கல், நம் வீட்டில் இருக்கிற ஒரே ஓட்டை முன்னறையில் சாமிப் படங்களுக்கு நேர் கீழே. பன்றியை வெளியே மூன்று கல் வைத்துத் தனிச் சட்டியில்தானே ஆக்குவோம். முருகனுக்குக் கீழே எப்படி வேக வைப்பது? ரெங்கம்மா, சாமியைத் தன் வீட்டுக்கு ஒருநாள் விருந்துக்கு அனுப்பச் சொன்னாள். நான் பேக்டரியில் கேட்டு இருபது யார் நீளத்துக்கு வயர் வாங்கி வந்து, ஜன்னல் வழியாக இழுத்து, பின்னால் விறகுக் கொட்டிலில் சட்டியை வைத்தேன்.

உன் சட்டி வேலை செய்யவில்லை. நீ எழுதியபடியே எல்லாம் செய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தேன், வெறும் வெதுவெதுப்பு. பிறகு லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்களுக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? ரெங்கம்மா மட்டும் ஐந்து தடவை திறந்தாள். நான் கால் மணிக்கு ஒரு தடவை குத்திப் பார்த்தேன். சாயந்தரம் ஐந்து மணிக்கும் ரத்தம் வந்தது. கடைசியில் விறகடுப்பில் போட்டு வேக வைத்தோம், செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. இப்போது எல்லாரும் அதைச் சோம்பேறிச் சட்டி என்கிறார்கள்.

இரண்டு வருஷம் யோசிக்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? உனக்கு அங்கே யாராவது யோசனை சொல்கிறார்களா? யார்?

காத்தமுத்து


லிமசோல்
21.9.2003

பிரசாந்தினியின் அப்பாவுக்கு,

சட்டி வேலை செய்தது. நீங்கள்தான் விடவில்லை. அந்த மூடியை ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். தாஸிம் நானா புத்தகத்தை வரி விடாமல் படித்தார் என்கிறீர்கள், அதில் முதல் வரியே திறக்காதே என்பதுதான். உங்கள் காதில் விழவில்லையா, விழுந்தும் கை கேட்கவில்லையா?

பதுளையிலிருந்து வந்து இங்கே பக்கத்து வீட்டில் வேலை செய்கிற ஹம்ஸியா, ஊரில் லீவு முடிந்து திரும்பி வந்தாள். தாஸிம் நானா கடையில் அவளைப் பிடித்து என்னைப் பற்றி ஒரு மணி நேரம் விசாரித்தீர்களாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து இதுதான். கிணற்றடியில் நேரமாகிவிட்டால் கேள்வி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று பேசினால் கேள்வி. சட்டியை மட்டுமல்ல, என்னையும்தான் நீங்கள் கால் மணிக்கு ஒரு தடவை திறந்து பார்க்கிறீர்கள். இத்தனை தடவை திறந்தால் மனசிலும் சூடு நிற்காது.

கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று யாரும் எனக்கு யோசனை சொல்லவில்லை. நானே யோசிக்கிறேன். திரும்பி வந்து மறுபடியும் அந்தப் பதினாலு கேள்விகளோடு குடித்தனம் நடத்துவதென்றால், இங்கேயே இருந்துவிடலாம் போலத்தான் இருக்கிறது. கோபத்தில் எழுதவில்லை. மூன்று நாள் வைத்திருந்து, ஆறப் போட்டுத்தான் அனுப்புகிறேன்.

விஜயலெட்சுமி


ஸ்பிரிங்வெளி
16.11.2003

அன்புள்ள விஜயாவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே எழுத முடியவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். எழுதியதெல்லாம் கேள்வியாகவே வந்தது.

போன சனிக்கிழமை மறுபடியும் சட்டி வைத்தேன். இறைச்சியை இரண்டு நாள் வெளி அடுப்புக்கு மேல் தொங்கவிட்டேன், நிறம் தேயிலை மாதிரிக் கறுத்து வந்தது. மசாலா தடவினேன். காலை ஆறரைக்குத் திருகைச் சின்னப் பக்கம் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் நின்றால் என் கை சும்மா இராது என்று எனக்கே தெரியும்.

அன்று பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாடியில் ஒரு புதுப் பையன் கொழுந்தை அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனிடம் எப்போதும் சொல்கிறதைச் சொன்னேன். "தொட்டுக்கிட்டே இருந்தா எல கசங்கித்தான் போகும், வாடாது. வுட்டுட்டு இந்தாண்ட வா." சொல்லி வாய் மூடவில்லை, எனக்கே சுருக்கென்றது. பதினெட்டு வருஷமாக இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து மணிக்கு வந்தேன். கொட்டிலைச் சுற்றி நாலு லயத்து நாய்களும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றும் குரைக்கவில்லை. கோயிலில் உட்கார்ந்திருப்பது மாதிரி அப்படி ஓர் அமைதி. பிரசாந்தினி அன்று முழுக்கக் காவல் இருந்தாளாம், ரெங்கம்மாவைக்கூட அண்ட விடவில்லை. கண்ணாடி மூடி முழுக்க முத்து முத்தாக வேர்த்திருந்தது. திறந்தேன். விஜயா, அந்த வாசனையை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. எலும்பைப் பிடித்து லேசாக இழுத்தேன். கழுவி வைத்த மாதிரி வெள்ளையாகக் கையோடு வந்துவிட்டது. ஒரு துளி சதை அதில் ஒட்டியிருக்கவில்லை. எலும்பைக் கையில் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. யாரும் தொடவில்லை, யாரும் பார்க்கவில்லை, அது பாட்டுக்கு உள்ளே ஆகியிருக்கிறது. இத்தனை வயதில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

நம்மிடம் முள்ளுக்கரண்டி ஏது, கையாலேயே பிய்த்தோம். குழம்பைக் கலந்து, ரொட்டி சுட்டு, லயத்துக்கே கொடுத்தேன். ஜனங்கள் ரொட்டியால் தட்டை வழித்துத் தின்றார்கள். ரெங்கம்மா அப்போதுதான் கொழுந்து நிறுத்துவிட்டு வந்திருந்தாள், கூடையைக்கூட இறக்கவில்லை. ஒரு வாய் தின்றவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். "வேல விட்டு வந்து, நான் ஆக்காத சோத்த இன்னிக்குத்தான் திங்கிறேன்" என்றாள்.

அதைக் கேட்டதும் நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து நீ போகிற வரை, நான் வேலை விட்டு வந்து கைகால் கழுவி உட்கார்ந்தால் சோறு இருந்தது. சோறு என்றால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நீயும் அதே நேரத்துக்குத்தான் மலையிலிருந்து இறங்கி வந்தாய். அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே ஏன் நேரமானது என்று கேட்டிருக்கிறேன். ஹம்ஸியாவிடம் போய் நின்றதும் கேவலமான வேலை. தப்பு என்னுடையது, விஜயா. மன்னித்துக்கொள்.

மகள் நன்றாக இருக்கிறாள். மழை விட்டுவிட்டது. நீ எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் இந்த வீட்டில் உனக்கு இடம் இருக்கிறது. வேறு எழுத ஒன்றுமில்லை.

உன்
காத்தமுத்து


லிமசோல்
7.12.2003

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். உறையை உதறியும் பார்த்தேன். ஒரு கேள்விகூட இல்லை. முதலில் பயந்துவிட்டேன், மனுஷனுக்கு உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று. பிறகு மறுபடியும் படித்தேன். எலும்பு கையோடு வந்த இடத்தில் சிரித்தேன். ரெங்கம்மா படியில் உட்கார்ந்த இடத்தில் என்னால் முடியவில்லை, குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

அன்று சாயந்தரம் மேடம் அந்தத் தாளைக் கொண்டுவந்து வைத்தார். நான் போகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சமைத்திருக்கிறார் என்றேன். அதில் என்ன அதிசயம் என்று அவருக்கு விளங்கவே இல்லை. அவர் வீட்டு ஐயா வாரத்தில் மூன்று நாள் சமைக்கிறார். நான் விளக்கிச் சொல்லப் பார்த்தேன், எனக்கு அவ்வளவு இங்கிலீஸ் போதவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

வந்த பிறகு வார நாளில் யார் சமைப்பது, எப்படி என்று நாம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. அது ஒரு சட்டியால் தீருகிற காரியமில்லை. நான் பழையபடி இருக்கமாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடற்கரைக்குப் போவேன். தனியாக. அங்கே ஒரு மர பெஞ்சு இருக்கிறது. பக்கத்துக் கடையில் ஒரு ரொட்டி வாங்கி வைத்துக்கொண்டு, யாரும் என்னைக் கூப்பிடாத நாலு மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு தண்ணீரையும் அவ்வளவு சும்மா இருத்தலையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உங்களுக்கும் காட்ட வேண்டுமென்று நினைப்பேன். ஆனால் எழுதமாட்டேன். கேட்டுக் கேட்டு வாங்கினால் அது விசாரணைக்குச் சொன்ன பதிலாகிவிடும்.

இப்போது நீங்கள் கேட்கவில்லை. அதனால் சொல்கிறேன். மார்ச் மாதம் பத்தாம் திகதி, புதன்கிழமை, சாயந்தரம் நாலு மணி ரயிலில் பதுளையில் இறங்குவேன்.

உங்கள்
விஜயா