சக்கை எந்தப் பக்கம்

என் கடைக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அப்பாவும் நலம் என்று இந்த முறை பொய் கலக்காமல் எழுத முடிகிறது, நீயும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் பிள்ளைகள் சேதி. உன் அண்ணன் மகள் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து கோப்பை வாங்கினாள், வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று அதை டிவி மேலேயே வைத்திருக்கிறேன். அவள் தம்பி கணக்கில் நூற்றுக்கு நூறு. உன் அக்கா மகன் நர்ஸ் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்துவிட்டான். அஞ்சாவதோடு நின்றவளுக்கு இப்படிப் பேரப்பிள்ளைகளா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், கண் பட்டுவிடும் என்று பேச்சை மாற்றினேன், ஆனால் உன்னைப் பற்றியும் சொல்லிவிட்டுத்தான் மாற்றினேன்.

இனி உன் அப்பா கதை. ரத்தத்தை வடிகட்டுகிற டயாலிசிஸுக்கு இனி போகவே மாட்டேன் என்று அவர் முரண்டு பிடித்ததும், கால் வீங்கி மூச்சு வாங்கியதும் உனக்குத் தெரியும். டாக்டர் சொல்லியும் உன் அண்ணன் கத்தியும் மனிதர் அசையவில்லை. நீ போனில் கேட்ட பிறகுதானே காரணம் வெளியே வந்தது. காலமெல்லாம் டீக்கடை நடத்தியவர் அல்லவா, வடிகட்டினா சாரம் கீழ போயிடும், மேல நிக்கறது சக்கை, எனக்குள்ள சக்கையைத்தான் திருப்பி அனுப்புறாங்க, அதான் வந்ததும் துவண்டு விழறேன் என்றார். உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

நீ சிரிக்காமல் சொன்னாய், அதுதான் எனக்குப் பெருமை. அப்பா, இதுல வெளிய போறதுதான் சக்கை, அந்த மிஷின்ல மாட்டற குழாய்க்குள்ள முடி மாதிரி ஆயிரக்கணக்கான குழல் இருக்கு, அதோட சுவர்ல கண்ணுக்குத் தெரியாத துளை, ரத்தத்துல கரைஞ்ச கழிவு பொடிசு, நுழைஞ்சு போயிடும், ரத்த அணுவும் பெரிய சத்தும் நுழையாது, சின்னச் சத்து கொஞ்சம் போகும்தான், அதைச் சாப்பாட்டுலயும் மாத்திரையிலயும் ஈடுகட்டலாம் என்றாய். அதுக்கு ஏன் நாலு மணி நேரம் என்று அவர் மடக்கினார். டீத்தூளைப் போட்டுக் கலக்காம விட்டா சாயம் தானா பரவுதில்ல, அது மாதிரி நிறைய இருக்கற பக்கத்துலேர்ந்து இல்லாத பக்கத்துக்கு மெல்லத்தான் நகரும், துளைக்குள்ள உரசிக்கிட்டுப் போறதால இன்னும் மெதுவாகும் என்றாய். கடைசியில், நீங்க சக்கைன்னு நினைக்கறதுதான் அப்பா டீயே என்றாயே, அவர் உடனே போனை வைத்துவிட்டுச் சட்டையைத் தேடினார்.

இப்போது ஒரு முறைகூட விடுவதில்லை, கால் வீக்கமும் வடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் வாய்தான் அடங்க மாட்டேன் என்கிறது. என் பொண்ணு இந்தத் துளையைத்தான் ஆராய்ச்சி பண்றா என்று பக்கத்துக் கட்டில் தையல்காரரிடம் ஆரம்பித்துவிடுகிறார். ஓட்டையைப் படிக்க ஒரு பட்டமா தாத்தா என்று நர்ஸம்மா கிண்டல் செய்ததற்கு, ஓட்டை சரியா இருந்தாத்தானம்மா அது வடிகட்டி என்றாராம்.

நீ நீண்ட ஆயுசோடு நிறைவாக இரு, வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. மறக்காமல் ஒன்று செய். ஆராய்ச்சிக்காரப் பெண் எங்கே என்று கேட்டால் அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவது நீ ரெட்டைச் சடையும் விழுந்த முன்பல்லுமாக நிற்கிற படம், இந்தப் பாப்பாவா துளை போடுது என்று அங்கே ஒரே சிரிப்பு. போனில் அனுப்பாதே, அவருக்கு அதைத் திறக்கத் தெரியாது. உன் ஆராய்ச்சி மிஷின் பக்கத்தில் நின்று புதுப் படம் ஒன்று எடுத்து, பைக்குள் அடங்குகிற அளவில் தபாலில் அனுப்பு.

உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா