சுல்தானுக்கு ஏற்ற வெளிச்சம்

அன்பு மகள் றுமானாவுக்கு, உன்னை வளர்த்துக் கெடுத்த சாச்சாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் கல்முனையில் நாங்கள் சுகம், கட்டாரில் உன்னையும் அவன் அப்படியே வைக்கட்டும்.

நீ விட்டுப்போன கிளி சுல்தானின் விசயம்தான். எங்கள் மகள் முஸ்பிறாவுக்குக் கலியாணம் முடித்து வீட்டை அவள் பேருக்கு எழுதியதும் நானும் சாச்சியும் ஊர் வழக்கப்படி பின்னறைக்கு வந்தோமல்லவா, அந்த அறையில் பட்டப்பகலிலும் ஆளை ஆள் தடவித்தான் அடையாளம் காணவேண்டும். சுல்தான் பேச்சை விட்டான், நெஞ்சு இறகைப் பிடுங்கத் தொடங்கினான். ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சவளக்கடையில் இருக்கும் முத்தலிப் மாமாவிடம் கொடுங்கள், அங்கே வெளிச்சமான விறாந்தை இருக்கிறது என்று நீ போனில் சொன்னாய், எனக்கு ஏழு வானமும் இருண்டன.

டியூப் லைட் போட்டேன், இன்னும் மோசமாகப் பிடுங்கினான். நமக்குச் சீராகத் தெரியும் சில லைட் கிளிக்கண்ணுக்குத் துடிதுடிக்குமாம், போன் கமராவில் வரிவரியாய் ஓடுவதை வாங்காதீர்கள் என்றார் மிருக வைத்தியர். அந்தப் புதினம் தலைக்கேறி, கல்முனையில் எரிகிற லட்சம் பல்பையும் படம் பிடித்தேன். குணத்தின் லைட் கடையில் போனை நீட்டியதும், சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்து அவன் எழும்பி நின்று, "ஐயா எந்தக் கந்தோர்? சோடா ஒண்டு உடைக்கட்டா?" என்றான். சோடா முடிந்த பிறகுதான் கிளிக்கு என்று சொன்னேன். "அப்ப சோடாக் காச வெச்சிட்டுப் போங்க காக்கா" என்கிறான், ஐயா ஒரு நொடியில் அண்ணனாகிவிட்டேன்!

வரி ஓடாத ஒன்று அங்கேயே கிடைத்தது. கூட்டின் ஒரு பக்கத்துக்கு மேலே கட்டினேன், மறுபக்கம் அவன் ஒதுங்க நிழல். விடிந்தால் போட்டு, பொழுதுபட்டு மஃரிபோடு அணைக்கிறேன். "என்ர கலியாணத்துக்கும் இப்பிடி லைட் பாத்து வாங்கல்ல இவர்" என்று சாச்சி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். பிடுங்குவது குறைந்தது, பேச்சுத்தான் வரவில்லை.

மாதமும் முடிய, முத்தலிப் ஓட்டோவோடு வந்து நின்றான். கூட்டைக் கழற்றக் கை வரவில்லை எனக்கு. சுல்தான் நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு நகர்ந்து, தலையைச் சாய்த்து அவனைப் பார்த்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான்! பதில் சொன்ன முத்தலிப், "மச்சான், இது வந்த ஸலாமா, போற ஸலாமா?" என்றான். உன்னை வழியனுப்புகிற போற ஸலாம்தான் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். வந்த ஓட்டோவில் அவன் மட்டும் போனான்.

ஜன்னல் கண்ணாடிக்குள்ளால் வரும் வெயில் கிளிக்குப் போதாது என்றார் வைத்தியர், அதனால் காலையில் கூட்டை முற்றத்தில் வைத்துக் காகத்துக்குக் காவல் இருக்கிறேன். நமக்குத் தெரியாத நிறமும் கிளிக்குத் தெரியுமாம், சாச்சி அவன் கண்ணுக்கு என்ன நிறமோ என்று அறிய ஆசை, அவளிடம் சொல்லத்தான் பயம். உன் உடம்புக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பறக்கத் செய்யட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே பறவைக்கென்று வெயில் விளக்கு விற்றால் மறக்காமல் வாங்கி வா.

இப்படிக்கு,
சுல்தானின் பிரதம மந்திரி,
உன் சாச்சா ஆதம்பாவா