நேரலையில் உங்கள் பெயர்

தோஹா
01.06.2025

அன்பின் சஹ்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் மகள் ருக்கியாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் கதைத்தால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கோபம் வந்தாலும் கடைசிவரை வாசி.

உன் ‘சுழற்சி’ நேரலை நிகழ்ச்சியை ஒரு கிழமையும் விடாமல் பார்க்கிறேன். சல்லி குறைந்தால் சனத்துக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் ஆட்சி மாறும், மாறின ஆட்சியும் பழையபடி கடன் வாங்கும், எங்கோ ஒரு யுத்தம் வந்து எண்ணெய் விலை ஏற எல்லாம் முதலில் இருந்து தொடங்கும் என்று போன கிழமை சொன்னாயே, அதை நீ முதன்முதல் சொன்னது எனக்கு. நம்முடைய சாப்பாட்டு மேசையில், இடியப்பம் ஆறிக்கொண்டிருக்க. இப்போது உன் பக்கத்தில் இருந்து அந்த விஷ்வா தலையாட்டி, “அருமையான பொயிண்ட், சஹ்லா” என்கிறான். சஹ்லாவாம். டீச்சர் என்று சொல்ல அவனுக்கு வாய் வராதா?

வெள்ளவத்தை டியூஷன் வகுப்போடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா?

உன்,
மஷூர்


மாளிகாவத்தை
09.06.2025

ருக்கியாவின் வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடி போனது. வட்டிலாப்பம் செய்தேன். ருக்கியா உங்கள் பங்கையும் சாப்பிட்டுவிட்டு வயிறு நோகுது என்று படுத்தாள்.

விஷ்வா என்னோடு அதே டியூட்டரியில் படிப்பிக்கிறவர், உங்களுக்குத் தெரியும். புறக்கோட்டையில் கடை வைத்திருக்கிற குடும்பம். அவரிடம் கமரா இருந்தது, என்னிடம் சொல்ல விஷயம் இருந்தது. அவ்வளவுதான்.

நானும் ஒன்று சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முந்தி நாட்டில் டொலர் இல்லாமல், சாமான் இறக்க வழியில்லாமல் உங்கள் போன் கடை மூடினது. நீங்கள் பிளேன் ஏறினீர்கள். நான் நாலு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேஸ் கியூவில் நின்றேன். நாடு விழும்போதெல்லாம் ஆம்பிளைகளுக்கு எயார்போர்ட் கிடைக்கிறது, எங்களுக்குக் கியூ கிடைக்கிறது. ஏசிக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுப் படம் அனுப்பினீர்கள், ஞாபகம் இருக்கா? கரண்ட் இல்லாத வீட்டில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். பிள்ளைக்குக் காட்டவில்லை. அவ்வளவு எரிச்சல்.

அந்தக் கியூவில் நின்று யோசித்ததைத்தான் இப்போது சொல்கிறேன். நிறுத்த மாட்டேன்.

சஹ்லா


தோஹா
25.06.2025

சஹ்லா,

உயிரோடு இருக்கிறேன். அதை நீ கேட்டிருக்க வேண்டும், நானாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை மாலை ஸ்டோர்ஸில் சாமான் கணக்கெடுத்துக்கொண்டு இருந்தோம். இடி மாதிரிச் சத்தம். கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. வெளியே ஓடி வந்தால் வானத்தில் ஏவுகணைகளின் நெருப்புக் கோடுகள். உனக்குக் கோல் எடுத்தேன், நீ தூக்கவில்லை. மறுபடியும் எடுத்தேன். பிறகு பார்த்தால் நீ நேரலையில் இருக்கிறாய். கப்பல் காப்புறுதி கூடும், பெற்றோல் விலை கூடும் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். என் தலைக்கு மேலே நடந்தது உனக்குப் பாடம்.

அந்த நேரம் பார்த்து விஷ்வா நம்பரிலிருந்து எனக்குக் கோல். கட் பண்ணினேன். திரும்பத் திரும்ப வந்தது, திரும்பத் திரும்பக் கட் பண்ணினேன். உன்னை எடுக்க முடியாத நேரத்தில் அவன் குரலைக் கேட்க நான் என்ன பைத்தியமா?

மஷூர்


மாளிகாவத்தை
26.06.2025

ருக்கியாவின் வாப்பாவுக்கு,

நேரலை போனது என் போனில். கமராவே அந்தப் போன்தான். அவருடைய கமரா பழுதாகி ஒரு கிழமை. நீங்கள் எடுத்தது திரையில் தெரிந்தது. இரண்டு தரமும் நான் கையை நீட்டுவதற்குள் நின்றுவிட்டது. அப்போதுதான் யாரோ கீழே எழுதினார்கள், “டீச்சர், கட்டாரில் அடிக்கிறாங்களாம்” என்று. கதைத்துக்கொண்டே விஷ்வாவுக்குக் கைகாட்டினேன். அவர் எனக்காகத்தான் உங்களுக்கு எடுத்தார்.

“கட் ஆகுது. லைன் போச்சா, அவரே வெட்டுறாரா தெரியல்ல” என்றார்.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தது. நேரலையை நிறுத்தினால் அந்தப் பெயரும் போய்விடும். அதனால் நிறுத்தவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் முடிந்த பிறகும் கதைத்தேன். என்ன கதைத்தேன் என்று எனக்கே தெரியாது. கப்பலைச் சொன்னேன், தேயிலையைச் சொன்னேன், ஏற்கனவே சொன்னதை மறுபடி சொன்னேன். “நித்திரை வருது, முடிங்க டீச்சர்” என்றுகூட எழுதினார்கள். உங்கள் பெயர் இருக்கும்வரை நீங்கள் இருக்கிறீர்கள். அதற்குப் பிறகு உங்கள் பெயர் இல்லாமல் போனது. நீங்கள் கோபத்தில் மூடியிருப்பீர்கள். நான் மேசையிலேயே அழுதேன். பிறகு எவ்வளவு எடுத்தும் உங்கள் போன் வேலை செய்யவில்லை. உங்களோடு ரூமில் இருக்கிற ஸப்வான் நானாவுக்கு எடுத்துக் கேட்டேன்: “நித்திரை கொள்றார், தங்கச்சி” என்றார். நித்திரை! நான் எடுத்ததை அவர் உங்களிடம் சொல்லவில்லையா?

சஹ்லா


தோஹா
06.07.2025

அன்பின் சஹ்லா,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

அன்றைக்கு உன் பக்கத்தில் நின்றவன் அவன். இப்போதும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. அவனுக்கு என் நன்றியைச் சொல். வேண்டாம், நானே சொல்கிறேன். நம்பர் இருக்கிறதே.

வாப்பாவைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. குவைத்தில் யுத்தம் வந்தபோது ஜோர்தான் வழியாக ஒரு பையோடு வந்து சேர்ந்தார். இரண்டு வருஷம்கூட இருக்கவில்லை, தொழில் இல்லை என்று சவூதிக்குப் போனார். அவர் லீவில் வந்தபோதும் நான் அவருடைய தம்பி, சாச்சாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிவாசலுக்குப் போவேன். வாப்பா வாசலில் நின்று எங்களையே பார்ப்பார். ஒருநாள் காரணமே இல்லாமல் சாச்சாவோடு சண்டை பிடித்தார். அவரை வீட்டுக்கு வரவேண்டாம் என்றார். உம்மா நாள் முழுக்க அழுதார். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது.

வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் முதல் கிழமை வருகிறேன். ஏவுகணைக்குப் பயந்து இல்லை.

உன்,
மஷூர்


மாளிகாவத்தை
14.07.2025

அன்பின் மஷூருக்கு,

கலியாணம் முடித்து இவ்வளவு காலத்தில் உங்கள் பெயரை எழுதுவது இதுதான் முதல் தடவை. கை கூசுகிறது.

வாங்க. பிள்ளை துள்ளுகிறாள். ஆனால் வருவதற்கு முன்பே இதைச் சொல்ல வேண்டும். மலேசியாவில் முதுமாணி, அதுதான் மாஸ்டர்ஸ், படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, கட்டணம் இல்லாமல். ஒக்டோபரில் தொடங்கும், ஒரு வருஷம். ஏப்ரலில் விண்ணப்பித்தேன். சொன்னால் சண்டை வரும் என்று சொல்லவில்லை. நீங்கள் அங்கே இருந்தால் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது, அந்த இடம் வேண்டாம் என்று அவர்களுக்கு எழுத இருந்தேன். எழுத இருந்த நாளில்தான் உங்கள் கடிதம் வந்தது.

இந்த முறை எயார்போர்ட் எனக்கு. நீங்கள் வீட்டில் நின்று பிள்ளையைப் பாருங்கள். பொறாமைப்படுங்கள், அதைத் தடுக்க என்னால் முடியாது. ஆனால் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் பொறாமைப்படுங்கள்.

முடியாது என்றால் இப்போதே சொல்லுங்கள். நான் போகாமல் விடுவேன். ஆனால் மறக்க மாட்டேன்.

உங்கள்,
சஹ்லா


தோஹா
16.07.2025

அன்பின் சஹ்லா,

உன் கடிதத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன். முதல் நாள் முழுக்க முடியாது என்றுதான் இருந்தது. ஸப்வான் நானாவிடம் சொன்னேன். “உன்னை அனுப்பின நேரம் அவ என்ன சொன்னா?” என்று கேட்டார். நீ பெட்டி அடுக்கித் தந்தாய்.

போ. பெட்டியை நான் அடுக்கித் தருகிறேன். ருக்கியாவுக்குத் தலை பின்னும் விதத்தை மட்டும் நான் வந்ததும் காட்டு.

உன் வகுப்பில் யார் யார் படிக்கிறார்கள் என்று கேட்க மாட்டேன். கேட்டால், கோபப்படாமல் ஒருமுறை சொல்லிவிடு.

உன்,
மஷூர்