எல்வுட் அத்தானின் துப்பாக்கிக் கீல்

ஜனவரி 9

காலையில் பத்து டிகிரி ஃபாரன்ஹீட், வாளித் தண்ணீர் உறைந்து கிடந்தது. பட்டறை அடுப்பு சூடேற ஒரு மணி நேரம் ஆயிற்று. எல்வுட் அத்தானின் துப்பாக்கிக்கு இன்று பித்தளை மூடி வேலை தொடங்கினேன். குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற பழைய மாதிரித் துப்பாக்கி அது. குண்டைச் சுற்றித் திணிக்கும் எண்ணெய்த்துணியை வைக்கத் துப்பாக்கியின் பின்கட்டையில் ஒரு குழி, குழிக்கு மூடி, மூடிக்குக் கீல். மூடியைக் கட்டையோடு பிடிக்கும் தலைத்தகட்டை டேலியாப்பூ மாதிரி வெட்டச் சொன்னவள் ஆர்லீன் அக்காதான். மூன்று வருடத்துக்கு முன் வரைந்து கொடுத்தாள். ஆகஸ்டில் இறந்துபோனாள். நான் இப்போதுதான் வெட்டுகிறேன்.

ஜனவரி 11

கீலுக்குக் கணு, அதாவது கம்பி நுழையும் வளையம்: மூடியில் இரண்டு, தலைத்தகட்டில் மூன்று. லேசாகச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, எஃகுக் கம்பியைச் சுற்றி வளைத்தேன். ஒரு கணு கீறல் விட்டுவிட்டது. முதலிலிருந்து இன்னொரு தகடு.

அத்தான் போனில் கூப்பிட்டார். "நடீன், அது எப்ப முடியும்?" மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்காத மனிதர்.

ஜனவரி 14

கீல் பொருந்திவிட்டது! மெழுகுவர்த்திக் கரி பூசி, கரி ஒட்டிய இடத்தையெல்லாம் மயிரிழை மயிரிழையாக அரத்தால் தேய்த்து, கம்பியைத் தட்டி ஏற்றினேன். கணுக்களுக்கு நடுவே வெளிச்சம் தெரியவில்லை. மூடியைப் பாதியில் விட்டால் பாதியிலேயே நிற்கிறது. இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒன்று எனக்கு அமைந்ததில்லை.

சாயங்காலம் அத்தான் வந்தார். சவரம் செய்து, சட்டை இஸ்திரி போட்டு, ரொம்ப அமைதியாக. அக்கா தைத்த மெத்தைவிரிப்பு இரண்டையும் என் கையில் கொடுத்தார். "உன்கிட்ட இருக்கட்டும்." நாய் எங்கே என்று கேட்டேன். தபால்காரர் வீட்டில் விட்டுவிட்டாராம். "அங்க புள்ளைங்க இருக்கு. அதுக்கும் பொழுது போகும்." பிறகு அதே கேள்வி: "இந்த வாரம் முடிஞ்சிருமா?"

வாய் தானாகச் சொல்லியது: "இல்ல அத்தான், கீல் ரொம்ப இறுக்கமா இருக்கு. திறக்க மாட்டேங்குது."

ஏன் பொய் சொன்னேன்?

ஜனவரி 15

இப்போது தெரிகிறது ஏன் என்று. துக்கம் முடிந்து ஒஹாயோவுக்குத் திரும்பும்போது அத்தானின் மகன் கர்ட் வீட்டிலிருந்த துப்பாக்கி எல்லாவற்றையும் எடுத்துப் போனான். "அப்பா தனியா இருக்காரு, சித்தி" என்று மட்டும் சொன்னான். அந்த வீட்டுக்குள் இனி நுழையப் போகும் ஒரே துப்பாக்கி நான் செய்வது.

ஜனவரி 16

கீலின் கம்பியை நானே தட்டி வெளியே எடுத்தேன்.

ஜனவரி 23

மறுபடி மாட்டினேன், மறுபடி கழற்றினேன். என் வீட்டுக்காரர் மெர்ல் எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஒரு கீலுக்கு ரெண்டு வாரமா? வாடிக்கையாளர் செத்தப்புறம்தான் குடுப்பியா?" என்றார். கிண்டல்தான். நான் அரத்தை வீசிவிட்டு வெளியே போய்ப் பனியில் நின்றேன். பின்னாலேயே என் கோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், பாவம். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்படியெல்லாம் ஒரு மனுஷன்கிட்ட கேக்க முடியுமா நடீன்? இல்லாத நெனப்ப நாமளே தூண்டிவிட்ட மாதிரி ஆயிராதா?"

எனக்கும் அந்தப் பயம்தான். கேட்டு, அப்படி எதுவும் இல்லை என்றால் முகத்தில் விழிக்க முடியுமா? கேட்காமல் விட்டு, இருந்தால்?

ஜனவரி 29

டாக்டர் வீட்டு நர்ஸ் லூவெல்லாவைக் கடையில் பார்த்தேன். அத்தான் பெயரைச் சொல்லாமல்தான் கேட்டேன். மாவுப் பையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நேராக் கேளு. சுத்தி வளைக்காத. கேக்குறதால யாருக்கும் புதுசா அந்த நெனப்பு வராது. ஆமான்னு சொன்னா, தனியா விடாத. எனக்கு உடனே போன் பண்ணு."

வீடு வரும்வரை அந்தக் கேள்வியைக் காருக்குள் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவையும் முழுதாக வரவில்லை.

பிப்ரவரி 3

இன்று வந்தார். நான் தடுப்பதற்குள் துப்பாக்கியை எடுத்து, நேற்று மறுபடி மாட்டியிருந்த மூடியைக் கட்டைவிரலால் தூக்கினார். முப்பது வருடம் அச்சு வார்க்கும் தொழிற்சாலையில் அளவு பார்த்த கை அது. பாதியில் விட்டார். நின்றது. திறந்தார், மூடினார்.

"இதுல என்ன கொறை?"

நான் அரத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"மூணு வாரமா இதத்தான் இறுக்கம், இறுக்கம்னியா? என்ன விளையாடுறியா?"

மேசையைப் பிடித்துக்கொண்டேன். "அத்தான், நீங்க உசிர விட்றலாம்னு நெனைக்கிறீங்களா?"

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் துப்பாக்கியைத் துணி விரித்த மேசையில் மெதுவாக வைத்தார், தூங்குகிற குழந்தையை வைப்பது போல. முக்காலியில் உட்கார்ந்தார்.

"இதக் கேக்க ஒனக்கு இத்தன நாள் ஆச்சா?"

அதற்குமேல் அவரால் முடியவில்லை. அக்கா போன அன்றுகூட அழாதவர். அவர் தலையை என் மேலங்கியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெர்லைக் கூப்பிட்டேன். லூவெல்லாவுக்குப் போன். இருட்டுவதற்குள் அத்தானும் மெர்லும் நானுமாக ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்.

பிப்ரவரி 4

கர்ட் வந்துவிட்டான்.

பிப்ரவரி 19

அத்தானை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. கர்ட் கூடவே இருக்கிறான். சிக்கன் கார்ன் சூப் கொண்டு போனேன். கதவுவரை வந்து, "என்னைய ஊருக்கே காட்டிக்குடுத்துட்டல்ல?" என்றார். பாத்திரத்தை வாங்கிக்கொள்ளவில்லை. கர்ட்தான் வாங்கினான்.

திரும்பி வரும்போது அழுதேன். செய்தது சரி என்று தெரியும். தெரிந்தும் வலிக்கிறதே, அதற்கு என்ன செய்ய?

பிப்ரவரி 27

இன்னும் பேசவில்லை. பட்டறைக்குள் போகவே பிடிக்கவில்லை.

மார்ச் 12

பட்டறைக் கதவு தட்டும் சத்தம். அத்தான். மெலிந்திருக்கிறார். என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே பேசினார்.

"டாக்டரம்மா வாரா வாரம் வரச் சொல்லுது. போறேன்." பிறகு துப்பாக்கியைக் காட்டி: "அதச் செஞ்சு முடி. ஆனா இங்கயே இருக்கட்டும். துப்பாக்கிப் பெட்டிச் சாவிய மெர்ல்கிட்ட குடு, அது இருக்குற எடத்த எங்கிட்ட சொல்லாத."

"சரி அத்தான்."

"அவ வரஞ்ச பூவு நல்லா வந்திருக்கு. ஒரு இதழ் மட்டும் கொஞ்சம் தடிச்சிருச்சு."

"எது?"

காட்டினார். உண்மைதான். அவர் பக்கத்தில் நிற்கத் தேய்த்துச் சரி செய்தேன்.

மார்ச் 15

கம்பியை ஏற்றி, இரு முனையையும் தட்டி மடக்கிவிட்டேன். இனிக் கழற்ற முடியாது.

ஏப்ரல் 1

அத்தான் ஒரு கூடை முள்ளங்கியோடு வந்தார். கடையில் வாங்கியதுதான். சனிக்கிழமை டிரவுட் மீன் சீசன் தொடங்குகிறதே, மெர்லையும் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போகிறாராம். புது மீன்பிடி உரிமத்தை மெர்லிடம் நீட்டி, "ஒன்னோடது ஒரு வருஷத்துக்குத்தானே, கஞ்சப்பயலே?" என்றார்.

நான் வாங்கிப் பார்த்தேன். ஐந்து வருடத்துக்கு எடுத்திருந்தார்.