மாமாவின் இலைப் பட்டாம்பூச்சிகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் இன்னும் தேறவில்லை. அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மாமா போனதைப் போனில் சொன்னேனே தவிர, அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். வந்தவர்கள் எல்லாம் போன பிறகு அவன் அறையைத் துடைக்கப் போனேன். ஜன்னலோரம் அந்த வலைக்கூண்டு. உள்ளே அவன் காட்டிலிருந்து கொண்டுவந்த இலைப் பட்டாம்பூச்சியின் புழுக்கள், கறுப்பாக, முள்முள்ளாக, இலையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு வெறும் குச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தன. வீட்டில் சாவு விழுந்தது அதுகளுக்குத் தெரியுமா, பசி பசிதானே. "கொண்டுபோய்க் காட்டிலேயே விட்டுடலாம், நமக்கு எதுக்கு இந்தப் பாடு" என்றார் அப்பா. எனக்கு மனசு வரவில்லை. ஆராய்ச்சி நிலையத்தில் மாமாவோடு வேலை பார்த்த பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கண்ட இலையப் போட்டா பட்டினி கிடந்தே செத்துடும்க்கா, ஓடையோரம் வளர்ற அந்தச் செடிதான் வேணும்" என்று சொல்லி, கூடவே வந்து காட்டியும் கொடுத்தாள். அன்றிலிருந்து தையல் மெஷினில் உட்காரும் முன்னே இலை பறித்து வருவது என் வேலை. வேண்டாம் என்ற உன் அப்பாதான் கூண்டைச் சுத்தம் செய்தார்.

சில புழுக்கள் செத்துப்போயின, மற்றவை தலைகீழாகத் தொங்கிக் கூடாயின. நேற்று காலை ஒரு கூடு வெடித்தது. வெளியே வந்தபோது இறக்கை பிழிந்த துணியாகச் சுருங்கிக் கிடந்தது, மெல்ல மெல்ல விரிந்தது. உள்பக்கம் நீலமும் ஆரஞ்சுப் பட்டையும், அப்படியொரு பட்டை நான் தைத்ததே இல்லை. மூடினால் வெறும் சருகு, நரம்பு, காம்பு, பூசணப் புள்ளிகூட உண்டு. செம்பருத்தி வைத்தேன், திரும்பியே பார்க்கவில்லை. அழுகிய வாழைப்பழத்தில் போய் உட்கார்ந்து உறிஞ்சியது. "உன் தம்பி வளர்த்ததாச்சே, நல்லதை வெச்சா தொடுமா" என்று அப்பா சொல்ல, இத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தோம். சிரித்து முடிக்கும் முன்னே இருவருக்கும் அழுகை வந்துவிட்டது.

வெயில் ஏறியதும் ஓடையோரம் திறந்துவிட்டோம். நீலமாகப் பறந்துபோய் ஒரு மரத்தில் தலைகீழாக உட்கார்ந்து இறக்கையை மூடியது, அவ்வளவுதான், எது இலை எது பூச்சி என்று தெரியவில்லை. அப்பா கிளை கிளையாகத் தேடினார். "தேடாதீங்க, கண்ணுல படாம இருந்தாத்தான் அது பிழைக்கும்" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். மீதிக் கூடுகளும் சீக்கிரம் வெடித்துவிடுமாம்.

வர முடியவில்லையே என்று நீ குமைவது தெரியும். ஆஸ்பத்திரியில் மாமாவே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம வாலுப்பொண்ணுகிட்ட இப்ப சொல்லாதேக்கா, பரீட்சை எழுதி முடிக்கட்டும்" என்றான். அவன் கேட்டதைத்தான் நீயும் செய்திருக்கிறாய். அங்கே குளிர் அதிகமாமே, வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. நீ நல்லபடியாக வாழ வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா