நிலைக்கல்லில் ஒரு புது லை

4 அக்டோபர் 1999, பார்சிப்பனி
கம்பெனி முதலாளி கோபாலசாமி இன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று வருடத்தில் முதல் முறை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஆயிரம் வருடத்துக் கோயில் வாசல் ஒன்றை இங்குள்ள அருங்காட்சியகத்துக்கு நன்கொடை தருகிறாராம். கல் கல்லாக வந்திருக்கிறது. கூடத்தில் பழையபடி நிறுத்தப் போகிறார்கள்.

"கல்லுல தமிழ் எழுதியிருக்குதுங்க ஜெயபிரகாஷ். படிச்சுப் பாத்துட்டு, பழசுதான்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். அப்புறம், உங்க கிரீன் கார்டு பேப்பர் என் டேபிள்லதான் இருக்குது."

இரண்டு விஷயத்துக்கும் தொடர்பு இல்லை என்றே வைத்துக்கொள்வோம்.

9 அக்டோபர்
அருங்காட்சியகக் கூடத்தின் தரையில் அறுபத்திரண்டு கற்கள். பின்னால் இரும்புச் சட்டம். நன்கொடைப் பத்திரத்தின்படி வாசல் 1931இல் மதராஸில் கப்பலேறி, ஆங்கிலேயச் சீமான் ஒருவர் வீட்டில் அறுபது வருடம் இருந்தது. அந்த வீட்டின் ஒரு புகைப்படத்தில்கூட அது இல்லை. கூச்ச சுபாவம் போலும்.

கோயிலில் பிரித்தவர்கள் திரும்ப அடுக்குவதற்காக, கல்லின் அடியில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கிறார்கள்: "நிலை – இடது – 2". அந்த லை, துதிக்கை வைத்த பழைய லை அல்ல. 1978இல் அரசு மாற்றிய லை. பள்ளியில் பழையதை எழுதிய என் கை இன்னும் மாறவில்லை. 1931ஆம் வருடத்துப் பெயின்டரோ நாற்பத்தேழு வருடம் முன்கூட்டியே அரசாணைக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார்.

"என்ன சார், ஒரே எழுத்த இவ்வளவு நேரம் பாக்கீங்க?" என்றார் அருங்காட்சியகத்தில் பதிவேடு பார்க்கும் ஜூடித். நாகர்கோவில்காரர்.

"ஒண்ணுமில்லைங்க."

இவர் யாருடைய ஆள்?

10 அக்டோபர்
மனைவியிடம் சொன்னேன். யாரோ சமீபத்தில் பெயர்த்து விற்ற வாசல் அது, பத்திரம் பொய் என்று.

"மொதல்ல கிரீன் கார்டு வரட்டுங்க. யோக்கியமா அப்புறம் இருந்துக்கலாம்" என்றாள் சாந்தாமணி.

நியாயமான வரிசைதான்.

15 அக்டோபர்
கோபாலசாமி தன் கையாலேயே காபி கொண்டுவந்து கொடுத்தார். குடிப்பதற்குமுன் யோசித்தேன்.

18 அக்டோபர்
அருங்காட்சியகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று அவர் கேட்டது. மற்றது லை பற்றியது. இரண்டிலும் கையெழுத்து, இரண்டையும் உறையில் போட்டு ஒட்டி, தபால்தலையும் வைத்து இழுப்பறைக்குள் தள்ளினேன். எதை அனுப்பப் போகிறேன்? எதையாவது அனுப்பப் போகிறேனா?

25 அக்டோபர்
இன்னும் இழுப்பறையில். என்னைக் கோழை என்று இங்கே எழுதலாம் — எழுதினால் சாட்சியாகிவிடும்.

3 நவம்பர்
ஜூடித் போன் பண்ணினார்.

"உங்க லெட்டர் கெடச்சுது சார். எனக்கும் ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகம்தான். தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் எழுத்துல தரணும்னு காத்துட்டிருந்தேன். வாசல நிறுத்துற வேலைய நிப்பாட்டியாச்சு."

எந்த லெட்டர் என்று நான் கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்தேன். ஒரு உறைதான் இருந்தது.

12 நவம்பர்
"ப்ராஜெக்ட் முடிஞ்சுதுங்க" என்றார் கோபாலசாமி. முடியாத ப்ராஜெக்ட். நேற்றுதான் ஆரம்பித்தோம்.

28 நவம்பர்
ஜெர்சி சிட்டியில் வேறு கம்பெனி கிடைத்துவிட்டது. கிரீன் கார்டுக்கு மறுபடி முதலிலிருந்து வரிசை. சாமான் கட்டுகிறோம்.

"அந்த லெட்டர நீதானே போட்டே?" என்றேன் சாந்தாமணியிடம்.

"கரண்ட் பில்லுன்னு நெனச்சுப் போட்டுட்டேனுங்க."

இரண்டு உறையிலும் ஒரே முகவரி. இழுப்பறையில் மிஞ்சிய உறையை எடுத்துப் பார்த்தேன், முதலாளி கேட்ட கடிதம். பிரித்து, மறுபடி செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது.

அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பாத்திரம் சுற்ற அவளுக்குப் பழைய பேப்பர் எடுத்துக் கொடுத்தேன்.