சிவப்புத் துணி கட்டிய வரி

மாப்பிள்ளை,

முனீஸ்வரர் சாட்சியாக, நான் ஓட்டி ஓய்ந்த லாரியின் ஸ்டீயரிங் சாட்சியாக உறுதி கூறுகிறேன்: இந்த மடலில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பக்கூடிய கதை எனக்கு எப்போதுமே வந்ததில்லை. என் தங்கை சரசுவை உனக்குப் பேசி முடித்த நாளில், "எங்க வீட்டுப் பொண்ணு வைக்கிற ரசத்துக்கு யானையே வரிசையில நிக்கும்" என்று சொன்னேன். அதை நம்பிய ஒரே ஆள் நீ. அதனால்தான் இதையும் உனக்கே எழுதுகிறேன்.

இன்று காலை கணினியைத் துடைக்கும்போது கையில் அது பட்டது. திரையின் வலது மூலையில் நீ கட்டிவிட்டுப் போன சிவப்புத் துணி. சிவப்பு எங்கே இருக்கிறது? வெற்றிலை துப்பிய சுவர் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் லாரி எண்ணெய் வாசம் அடிக்கிறது. உன் அக்கா, அதாவது என் வீட்டுக்காரி, வழக்கம்போல் ஆரம்பித்தாள்.

"இந்தக் கந்தல அவுத்துப் போடுங்களேன். வீட்டுக்கு வர்றவங்க கம்ப்யூட்டர லாரின்னு நெனச்சு ஒதுங்கிப் போறாங்க."

"அது கந்தல் இல்லடி. அரண்மனைக் கொடி."

"அரண்மனையில ஒட்டடை அடிக்கச் சொல்லுங்க ராஜாவ."

இப்படித்தான் ஆட்சி நடக்கிறது.

நம் தோட்டம் கைமாறி, நாம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் இடிந்து, கோலா பிலாவிலும் நீலாயிலும் இங்கே செண்டாயானிலுமாக நாம் சிதறிப்போன பிறகு, எல்லாரையும் ஒரு கயிற்றில் கட்டிவைத்தது உன் வாரச் சுற்றுமடல்தான். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு அறுவை சிகிச்சை, கோயில் திருவிழா என்றைக்கு, எல்லாம் அதில் இருக்கும். நீ படம் போடமாட்டாய், கலர் போடமாட்டாய், எழுத்தைத் தடிப்பாக்கமாட்டாய். வெறும் எழுத்து. அதை மின்னஞ்சலில் அனுப்புவாய். "வாட்சாப்புல போடேன்டா" என்று நான் கேட்டால், "வேணாம் மச்சான். காலை வணக்கம் சொல்ற ரோஜாப்பூவுக்கு அடியில செய்தி செத்துக் கெடக்கும்" என்பாய். வெறும் எழுத்து என்றால் எந்தப் பழைய போனிலும் திறக்கும், எந்தக் கணினியும் முகம் சுளிக்காது என்பது உன் கட்சி. சரியான கட்சிதான்.

அதில் உனக்கொரு சட்டமும் இருந்தது. வரி நீளக்கூடாது. எல்லா வரியும் ஏறத்தாழ ஒரே அகலத்தில், நீயே என்டர் தட்டி மடித்துவிடுவாய். "ஒரு வரி, ஒரு மூச்சு. மூச்சு முடிஞ்சா அடுத்த வரிக்குப் போ." நீலாய்த் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்த ஆள் அல்லவா நீ? பெட்டி அடுக்குகிற கையால் வரி அடுக்கினாய். உன் மடலின் வலது ஓரத்தில் நூல் பிடித்துச் சுவர் எழுப்பலாம். சீனப் பெருஞ்சுவரைக் கட்டியவர்கள் உன்னிடம் வந்து பாடம் கேட்டதாக நான் ஊரெல்லாம் சொல்லிவந்தேன். அவர்கள் வரவில்லை. வந்திருக்கவேண்டும்.

பிறகு அந்தக் கதவு வந்தது.

தோட்டத்தை வாங்கியவர்கள் செம்மண் சாலையின் குறுக்கே ஓர் இரும்புக் கதவைப் போட்டுப் பூட்டினார்கள். அந்தச் சாலையின் முடிவில் நம் இடுகாடு. அங்கே சரசு. வேலைக்குப் போன நாளில் தவறிய வெள்ளிக்கிழமைகளை எல்லாம் ஓய்வுபெற்ற பிறகு அவளுக்குத் திருப்பிக் கொடுப்பவன்போல், வெள்ளிதோறும் மோட்டார் சைக்கிளில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவாய். கதவு வந்த வெள்ளிக்கிழமை நீ பூட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினாய். வந்து என் வீட்டில் தேநீர் குடித்தாய். சர்க்கரை போட மறந்திருந்தேன். நீ சொல்லவில்லை.

நாம் மனுப் போட்டோம். அதிகாரிகள் காணொளியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அந்த வழி வேண்டும் என்பவர்கள் வந்து பேசலாம். வருகிறவர்கள் குறைந்தால், அந்தச் சாலையை யாருமே பயன்படுத்துவதில்லை என்று முடிவாகிவிடும். அவ்வளவுதான் விஷயம். ஆள் வந்தால் வழி. வராவிட்டால் பூட்டு.

கூட்டத்துக்குள் நுழைய ஓர் இணைப்பு அனுப்பினார்கள். ஐயோ, அந்த இணைப்பு! தலை கோலா பிலாவில் இருந்தது, வால் போர்ட்டிக்சன் கடலில் நனைந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் இரண்டு டோல் சாவடிகள். ஒரு பல்லி தலையிலிருந்து புறப்பட்டு வால் சேர்வதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிட்டது.

நீ என்ன செய்தாய்? உன் சட்டப்படி, அதையும் மூன்றாக வெட்டி, அழகாக அடுக்கி, சுற்றுமடலில் அனுப்பிவைத்தாய்.

மறுநாள் மூன்று மணிக்குக் கூட்டம். காலையிலேயே நீ என் வீட்டுக்கு வந்துவிட்டாய். என் கணினியின் திரைதான் பெரியது; எல்லார் முகத்தையும் பார்க்கலாம் என்றாய். உட்கார்ந்த மறுநிமிடம் உன் போன் அலறியது. நீலாயிலிருந்து பாப்பாத்தி அக்கா, நம் லயத்தில் கடைசி வீட்டில் இருந்தவர்.

"தம்பி, தட்டுனா வெள்ளையா ஒரு பக்கம் வந்து மன்னிக்கவும் மன்னிக்கவும்னு சொல்லுது. நான் என்னா பண்ணேன் அத?"

"போன் பழசா இருக்கும்க்கா."

"நேத்துதான் மவன் வாங்கிக் குடுத்தான் லா! ஒட்டியிருந்த தாளக்கூட இன்னும் உரிக்கல!"

வைப்பதற்குள் அடுத்த போன். அதற்குள் இன்னொன்று. எல்லாருக்கும் அதே வெள்ளைப் பக்கம், அதே மன்னிப்பு. நீ எல்லார் போனையும் திட்டிக்கொண்டிருந்தாய். நான் உன் மடலைத் திரையில் பார்த்தேன். இணைப்பின் முதல் வரி மட்டும் நீலமாக, அடிக்கோடு போட்டு ஜம்மென்று இருந்தது. கீழே இரண்டு வரிகள் அநாதைகளாய்க் கறுப்பாகக் கிடந்தன.

"மாப்ள, இஞ்சின் மட்டும் நீலாய் போய்ச் சேர்ந்திருச்சு. பெட்டி ரெண்டும் சிரம்பான் ஸ்டேஷன்லயே நிக்குதுடா."

"நான் எல்லா வரியும் ஒழுங்காத்தான வெட்டியிருக்கேன்?"

"அதான்டா வினையே."

எங்கோ ஒரு கணினி உன் என்டரைப் பார்த்து, இதோடு முகவரி முடிந்தது என்று நினைத்துக்கொண்டது. அதன் மேல் தப்பில்லை. நீளமான இணைப்பைச் சுருக்கிக் கொடுக்கும் தளம் ஒன்று இருக்கிறதாமே என்று நான் யோசனை சொன்னேன்.

"முகம் தெரியாத சந்து மச்சான் அது. எங்க கொண்டுபோயி விடும்னு பாத்தாத் தெரியாது. ஏமாத்து வேலைன்னு ஒருத்தரும் தொடமாட்டாங்க. தொடாதீங்கன்னு போன மாசம் எழுதுனதே நான்தான்."

உன் மடலை ஊரார் அவ்வளவு பக்தியாய்ப் படிப்பது அன்றைக்கு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

சரி என்று மூன்றையும் ஒட்டி மறுபடி அனுப்பினாய். வாக்கியம் என்றால் புள்ளி வேண்டும் என்று கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியும் வைத்தாய். உன் மின்னஞ்சல் செயலிக்கோ உன் புத்தியே படிந்திருந்தது; போகிற வழியில் அது தானாகவே வரியை மடித்துவிட்டது. முன்பு வெட்டுப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வெட்டு. வாலில் புள்ளி இணைப்போடு ஒட்டிக்கொண்டது. பாப்பாத்தி அக்கா மறுபடி அழைத்தார்.

"தம்பி, இப்பயும் மன்னிக்கவும்தான். நான் மன்னிச்சிட்டேன்னு எங்க தட்டுறது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, "யாரும் வரலன்னா சரசுகிட்ட என்னா மச்சான் சொல்றது?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பினாய்.

சன்னலுக்கு வெளியே என் லாரி. கோயில் திருவிழாப் பந்தலுக்கு ஏற்றிய மூங்கில்கள் பின்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றன. நீளம் எவ்வளவு என்கிறாய்? முனையில் உட்கார்ந்த காகத்துக்கு வேறு மாநிலத்து வெயில் அடித்தது.

"மச்சான், அந்த மூங்கில ஏன் வெட்டல?"

"கூறு கெட்டவனே, வெட்டிட்டா பந்தல் எப்புடிடா நிக்கும்?"

"லாரிய விட நீளமா இருக்கே."

"இருந்தா இருக்கட்டும். நீளமான சாமான வெட்டக்கூடாது. தனியா ஏத்தணும், ரெண்டு முனையிலயும் ஆள் புடிக்கணும், வால்ல செவப்புத் துணி கட்டணும். பின்னால வர்றவன் பாத்துக்குவான்."

நீ எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. பூமி சற்று அச்சு மாறியதாக எனக்குத் தோன்றியது. வரியைத் தானாக மடிக்கும் அந்த அமைப்பைத் தேடிப்பிடித்து அணைத்தாய். இணைப்பைத் தனி வரியில் ஏற்றினாய்; முன்னால் ஒரு சொல்லும் இல்லை, பின்னால் ஒரு புள்ளியும் இல்லை. தலையில் ஒன்று, வாலில் ஒன்று என்று இரண்டு கோண அடைப்புக்குறிகளைக் காவல் நிறுத்தினாய். "இவன் தலைய புடிச்சிக்கட்டும், அவன் வால புடிச்சிக்கட்டும்." அடுத்த வரியில் எழுதினாய்: "மேலே இருப்பது ஒரே வரி. எவ்வளவு நீளமானாலும் ஒரே வரி. உடைக்காதீர்." மற்ற வரிகளையெல்லாம் உன் வழக்கப்படி மூச்சளவுக்கு மடித்தாய். அதில் மட்டும் நீ விட்டுக்கொடுக்கவில்லை.

முதலில் நமக்கு நாமே அனுப்பித் தட்டிப் பார்த்தோம். திறந்தது. ஊருக்கு அனுப்பினாய். பாப்பாத்தி அக்காவிடமிருந்து ஒரே வரியில் பதில்: "மன்னிப்பு கேக்கல. உள்ள விட்டுட்டான்."

நீ வெளியே போய், மூங்கில் வாலிலிருந்த துணியை அவிழ்த்து வந்து என் திரையின் மூலையில் கட்டினாய். அதற்குப் பிறகு நான் துணியில்லாமல் லாரி ஓட்டிப் போனதையும், ஒரு போலீஸ்காரரிடம் என் வீட்டுக் கணினியின் மகிமையை விளக்கியதையும் தனிக் காவியமாகத்தான் பாடவேண்டும்.

மூன்று மணிக்குத் திரை நிறைய ஆரம்பித்தது. ஒருவர் நெற்றி மட்டும் வந்தார். ஒருவர் வீட்டு மின்விசிறி மட்டும் வந்தது. திரையின் ஒரு சதுரத்தில் கோழி வந்து உட்கார்ந்து கடைசிவரை எழவில்லை. முகங்கள் வந்துகொண்டே இருந்தன. என் திரை தாங்காமல் சுவரில் வழிந்தன. மிச்சம் அடுக்களைக் கதவில் தெரிந்தன. கூட்டத்தை நடத்திய அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

உன் முறை வந்தது. நீ எழுதிவைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. வரிகள் எல்லாம் ஒரே அகலம். அதை நீ எடுக்கவேயில்லை.

"துவான், இஸ்தெரி சாயா அடா டி சித்து."

ஐயா, என் மனைவி அங்கே இருக்கிறாள். அவ்வளவுதான் சொன்னாய். இருந்தாள் என்று சொல்லவில்லை. கோழிகூடக் கொக்கரிக்கவில்லை.

இப்போது சுற்றுமடலை நான்தான் அனுப்புகிறேன். என் எழுத்தில் ஊரில் மூவர் மயங்கி விழுந்ததாகக் கேள்வி. இந்த வாரம், உன் வருடத் திதிப் பூசையை இடுகாட்டிலிருந்து நேரலையில் காட்டப்போகிறோம். மெல்போர்னில் இருக்கும் உன் மகள் பார்க்கவேண்டும். அவள் வீட்டுக்காரர் அனுப்பிய இணைப்பு உன்னுடைய பழைய இணைப்பைத் தன் தம்பி என்று கூப்பிடும் நீளம். பயப்படவில்லை நான். தனி வரி. புள்ளி கிடையாது. தலையில் ஓர் ஆள், வாலில் ஓர் ஆள். எனக்கு நானே அனுப்பித் தட்டிப் பார்த்தேன். திறந்தது. சுற்றியுள்ள வரிகளை மடிக்கும்போது மட்டும், ஒவ்வொரு என்டருக்கும் உன் மூச்சு காதில் கேட்கிறது.

மாப்பிள்ளை, பல்லி பேரன் பேத்தி எடுத்தது பொய். காகத்தின் மேல் அடித்த வெயில் பொய். அடுக்களைக் கதவில் முகம் தெரிந்தது பொய். பூமி அச்சு மாறியதும், யானைகள் வரிசையில் நின்றதும் பொய். ஒரே ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. அந்தக் கதவு இன்றைக்கும் திறந்துதான் இருக்கிறது. உன்னைக் கொண்டுபோன வேன் அந்தச் செம்மண் சாலையில்தான் போனது. வேன் போகாத கடைசித் தூரத்துக்குப் பெட்டியைத் தூக்கினோம். தலைமாட்டில் நான் பிடித்திருந்தேன்.